நச்சரவின்மை ஆய்வு மையம்

அவளை எல்லாரும் உதறல் என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் ஒன்றும் இருந்தது. ஆயினும் அது வருகைப் பதிவில் மட்டுமே உயிர் வாழ்ந்தது. காலணியைக் கவிழ்த்து உதறாமல் அவள் அணிந்ததில்லை. துண்டை உதறாமல் முகம் துடைத்ததில்லை. மடக்கிய குடையை விரிக்கும்போது கையை நீட்டி, முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டே விரிப்பாள். நாற்காலியில் அமருமுன் அதன் அடியைக் குனிந்து பார்ப்பாள். விருந்துக்குச் சென்ற வீட்டிலும் பார்ப்பாள். இவற்றால் அவளுடைய அச்சம் நீங்கியதில்லை. அச்சத்துக்குச் செலுத்த வேண்டிய மரியாதையைக் குறைவறச் செலுத்திவிட்டோம் என்னும் ஆறுதல் மட்டும் கிட்டியது.

இத்தகையவள் பாம்பு ஆராய்ச்சியில் எவ்வாறு சேர்ந்தாள் என்று வியப்போர் உண்டு. வியப்புக்கு இடமே இல்லை. அவள் சேர்ந்தது பாம்பு ஆராய்ச்சியில் அன்று. பாம்பு இல்லாமை பற்றிய ஆராய்ச்சியில்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் தலையாய பெருமை அதன் நச்சரவின்மை ஆய்வு மையம். மையத்தின் தலைவர் இளைஞராய் இருந்த காலத்தில், ‘இவ்வளாகத்தில் நச்சரவு இல்லை’ என்று நிறுவி முனைவர் பட்டம் பெற்றார். விஷப்பாம்பு என்றே எழுதியிருக்கலாம். ஆனால் எல்லார்க்கும் விளங்கும் சொல்லுக்குப் பட்டம் தருவதில்லை என்பது அக்காலத்து வழக்கம். இக்காலத்திலும் அவ்வழக்கம் மாறியதாகத் தெரியவில்லை.

அந்த ஒரு வித்திலிருந்து ஒரு காடே முளைத்தது. பொருளியலார் பாம்பு இல்லாமையால் மிச்சமாகும் மனித உழைப்பை அளந்தனர். உளவியலார், இல்லாத பாம்புக்கும் இளையோரின் மனநிறைவுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து, உறவு ஆழமானது என்று கண்டனர். இலக்கியத் துறையினர் காணாத பாம்பின் கவிதையியலை வகுத்தனர். கணிதத் துறையைச் சார்ந்த ஒருவர், சுழியத்தை எத்துணை முறை கூட்டினும் சுழியமே வரும் என்பதைப் பாம்புகளைக் கொண்டு மெய்ப்பித்து விருது பெற்றார். வெளிநாட்டு அறிஞர் ஆண்டுதோறும் வந்து, பாம்பு இல்லாத புதர் ஒன்றின் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினர். அவர்கள் புதரைத் தொடுவதற்கு மட்டும் அனுமதி இல்லை.

ஆய்வு முறையும் தலைவரே வகுத்தது. களஆய்வு உச்சி வெயிலில்தான் நடைபெற வேண்டும். ஆய்வாளர் முழங்கால் வரை உயர்ந்த தோற்காலணி அணிய வேண்டும். அவருக்கு முன்னால் உதவியாளர் ஒருவர் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே செல்ல வேண்டும். பின்னால் வரும் ஆய்வாளர் இரும்புக் கம்பியால் நிலத்தை ஓங்கி ஓங்கிக் குத்த வேண்டும். இவ்வாறு வளாகத்தைச் சுற்றி வந்து, பாம்பு எதிர்ப்பட்டதா என்று தம்மையே கேட்டு, இல்லை என்று எழுத வேண்டும். ‘ஆய்வாளரின் பாதுகாப்பே ஆய்வின் உயிர்’ என்று மையத்தின் கையேடு தொடங்குகிறது. இம்முறையால் அதுவரை ஒரு பாம்பும் காணப்படவில்லை. முறை எவ்வளவு துல்லியமானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை என்று உலகம் ஒப்புக்கொண்டது.

உதறலுக்கு இந்த வேலை மிகப் பிடித்திருந்தது. மேற்கு மூலையே அவளுடைய ஆய்வுக் களம். ஐந்தாண்டுகளாக அங்கே கம்பியால் குத்தி வந்தாள். அவளுக்கு முன்னால் டப்பா தட்டியவர் தகரம் என்று பெயர் பெற்ற ஆய்வுக்கூட உதவியாளர். வேலை நிரந்தரமாகும் என்னும் வாக்கை நம்பித் தட்டிக்கொண்டிருப்பவர். ஆய்வேடும் எழுதி முடிந்தது. அதன் முடிவுரையைத் தலைவர் முன்பே எழுதித் தந்திருந்தார். முடிவுரையை முதலில் படித்துவிட்டு, மற்றவற்றைப் படிக்காமலே கையொப்பம் இடும் வழக்கத்தினால், மாணவர் அவரையே மறைவில் முடிவுரை என்று அழைத்தனர். இனி எஞ்சியது வாய்மொழித் தேர்வு மட்டுமே.

இந்நிலையில்தான் அவள் ஒரு பிழை செய்தாள். அதே மேற்கு மூலையில் உள்ள செய்முறைக் கூடத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்துவரத் தனியே சென்றாள். தகரம் இன்றிச் சென்றாள்.

கூடத்தின் மேற்குச் சுவரில் முதலாண்டு மாணவரின் வெள்ளைக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவற்றுள் ஒன்று அவளுடைய தங்கைக்குரியது; பையில் மை படிந்திருந்ததால் தெரிந்துகொண்டாள். மை போக நனைத்து வைக்கலாம் என்று கையை நீட்டினாள். கோட்டுக்கு அடியில், சுவர் தரையைத் தொடும் இடத்தில், யாரோ தடித்த கயிற்றைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். அந்தக் கயிறு மூச்சு விட்டது.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். படைக்காவது நடுங்குவதற்குத் துணையாக ஆயிரம் பேர் இருப்பர். உதறல் தனியே நடுங்கினாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கத்த வாய் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முக்கோணத் தலையை அது மெல்ல உயர்த்திற்று. அடுப்பில் மறந்துவிட்ட குக்கர் போல நீளமாகச் சீறிற்று. அவ்வோசை காதில் விழவில்லை. முழங்காலின் பின்புறத்தில் விழுந்தது. எவ்வளவு நேரம் அவ்வாறு நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது. பின்னர் அந்த விரியன், இப்பெண்ணால் ஒரு பயனும் இல்லை என்று துணிந்தது போல், சுவரின் அடியில் இருந்த நீர்ப்போக்குத் துளைக்குள் தன்னைச் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டது. வால் மறைந்த பின்னும் அவள் கையை மடக்கவில்லை.

வெளியே ஓடிவந்தவள் முதலில் கண்டது தகரத்தை.

“அண்ணா, கூடத்துல பாம்பு! விரியன்!”

“அது விரியன் இல்லம்மா,” என்றார் அவர், டப்பாவைத் துடைத்துக்கொண்டே.

“நீங்க பார்க்கவே இல்லையே!”

“பார்க்காததாலதான் தைரியமா சொல்றேன். பார்த்திருந்தா இப்படிச் சொல்ல முடியுமா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. வேலை இன்னும் நிரந்தரம் ஆகல.”

“அப்போ அது என்ன அண்ணா?”

“தலைவர் என்ன சொல்றாரோ அது.” சற்றுத் தயங்கிக் குரலைத் தாழ்த்தினார். “சாயங்காலத்துக்கு மேல அந்தப் பக்கம் போகாதேம்மா. பகல்லயும் போகாதே.”

தலைவரின் அறைக்கு அவள் சென்றபோது அவர் ஓர் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுதும் கேட்டார். முகத்தில் சினம் இல்லை. நெடுநாள் நோயாளியிடம் பேசும் கனிவு இருந்தது.

“பார்த்தேன்னு சொல்லாதேம்மா. பார்த்த மாதிரி தோணுச்சுன்னு சொல்லு.”

“கண்ணால பார்த்தேன் சார்.”

“இதுக்கு முன்னாடி யாராவது பார்த்து எழுதியிருக்காங்களா?”

“இல்ல சார்.”

“யாருமே எழுதாததை நீ எப்படிப் பார்க்க முடியும்? மேற்கோள் எங்க? முன்னோர் கருத்து எங்க?” அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “தகரம் கூட இருந்தாரா?”

“இல்ல சார்.”

“தோற்காலணி?”

“செருப்புதான் சார்.”

“உச்சி வெயிலா?”

“காலை நேரம் சார்.”

“பார்த்தியா! முறையே தப்பு. முறை தப்பா இருந்தா பாம்புகூட வரும்.”

அது சரியான வாதம் போலவே அவளுக்குப் பட்டது. வெளியே வந்து படியிறங்கும்வரை அது சரியாகவே இருந்தது. கடைசிப் படியில் தங்கையின் நினைவு வந்தது. அந்தக் கூடத்தில் முதலாண்டு மாணவர்க்கு நாற்காலி இல்லை. செய்முறை வகுப்பு முழுவதும் அவர்கள் நின்றுகொண்டே படிப்பவர்கள். தங்கை அணிவதோ விரல் தெரியும் செருப்பு.

அன்று மாலை விடுதி அறையில் அவள் மெதுவாகத் தொடங்கினாள்.

“நாளைக்குச் செய்முறை வகுப்புக்குப் போகாதேடி.”

“ஏனாம்?”

“கூடத்துல பாம்பு இருக்கு. நான் பார்த்தேன்.”

தங்கை கட்டிலில் விழுந்து சிரித்தாள். “அக்கா, போன மாசம் என் பின்னலைப் பார்த்து அலறினவ நீ! தலைமுடியைப் பாம்புன்னவ சொல்றதையா நான் நம்பணும்?”

“அது வேற. அப்போ இருட்டு.”

“உன் ஆய்வேடு என்ன சொல்லுது? பாம்பு இல்லைன்னுதானே? வீட்டுல அம்மா ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரியறாங்க, என் பெரிய பொண்ணு பாம்பே இல்லைன்னு கண்டுபிடிச்சிருக்கான்னு. நான் உன் ஆராய்ச்சியை நம்பறேன்க்கா. நீயும் கொஞ்சம் நம்பு.”

“ஒரு வகுப்பு போகலைன்னா என்னடி ஆயிடும்?”

“வருகை குறைஞ்சா வருஷம் போயிடும். பாம்பு கடிச்சாலும் வகுப்புல கடிக்கட்டும், வருகையாவது கிடைக்கும்.” இவ்வாறு சொல்லிவிட்டு அவள் புரண்டு படுத்தாள். படுத்தவுடன் உறங்கிவிடும் வரம் பெற்றவள். அவளுடைய செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. உதறல் அதை எடுத்து உதறினாள், மீண்டும் உதறினாள், பின்னர் மேசையின்மேல் வைத்தாள்.

மறுநாள் பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சென்றாள். அங்கே ஒரே ஒரு மருத்துவர். நரைத்த தலையும் களைத்த குரலும் உடைய அம்மையார்.

“டாக்டர், பாம்பு கடிச்சா குடுக்கற விஷமுறிவு மருந்து இங்க இருக்கா?”

“இல்ல.”

“ஏன் டாக்டர்?”

“பலமுறை கேட்டாச்சு. பாம்பே இல்லாத இடத்துல பாம்பு மருந்து எதுக்குன்னு உங்க மையம் எழுதிட்டாங்க. உங்க ஆராய்ச்சியால மிச்சம் பண்ணினதுல இதுவும் ஒண்ணு. அதுக்கு ஒரு பொருளியல் ஆய்வேடுகூட இருக்கு.”

“இதுவரைக்கும் யாரையாவது கடிச்சிருக்கா?”

மருத்துவர் எழுந்து சென்று கை கழுவினார். கழுவிய கையையே மீண்டும் கழுவினார். “போன மழைக்காலத்துல ஒரு தோட்டக்காரர் வந்தார். முள்ளு குத்தினதுன்னு எழுதினேன். வேற எதுவும் எழுத எனக்கு இடம் இல்ல. நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தூரம் ஜாஸ்தி.”

அதற்குமேல் உதறல் கேட்கவில்லை. கேளாமலே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

“பாம்பு இல்லைன்னு உங்க மையம் குடுத்த சான்று இந்தப் பருவத்தோட முடியுது,” என்று மருத்துவர் தொடர்ந்தார். “புதுசா ஒரு ஆய்வேடு வந்து இல்லைன்னு சொன்னா, அது நீடிக்கும். வரலைன்னா விதிப்படி நானே மருந்து வாங்கிடுவேன். யார் கையெழுத்தும் வேண்டாம். ஆனா வருதாமே! மேற்கு மூலைன்னு ஏதோ தலைப்பு. யாரோ ஒரு பொண்ணு எழுதியிருக்காம். உனக்குத் தெரியுமா அவளை?”

“பழக்கம் உண்டு,” என்றாள் உதறல்.

அந்த வாரத்திலேயே மையம் பல்துறைக் குழுவைக் கூட்டியது. உதறலின் மனநிலை குறித்துக் கலந்தாய்வது அதன் நோக்கம். நீண்ட மேசை, அதன்மேல் தரைவரை தொங்கும் பச்சை விரிப்பு. தலைவர் நடுவில் அமர்ந்தார். உதறலை ஓரத்தில் அமர்த்தினர். அவள் குனிந்து நாற்காலியின் அடியைப் பார்க்க முற்பட்டபோது எல்லாரும் கனைத்தனர். ஆதலின் பாராமலே அமர்ந்தாள்.

புள்ளியியல் பேராசிரியர் முதலில் பேசினார். “ஒரு தடவை பார்த்ததை வெச்சு என்ன செய்யறது? ஒண்ணுங்கறது ஒரு எண்ணே இல்ல. குறைஞ்சது முப்பது தடவையாவது பார்க்கணும்.”

“முப்பது தடவையா சார்?”

“முப்பதும் தற்செயலா இருக்கணும். நீயா தேடிப் போய்ப் பார்த்தா செல்லாது. அப்புறம், ஒவ்வொரு தடவையும் அதே மனநிலையில இருக்கணும். இப்போ பயந்தியா? அதே அளவு பயப்படணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

இலக்கியப் பேராசிரியை கையசைத்து அவரை நிறுத்தினார். “பாவம், அந்தப் பொண்ணு பார்க்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். பார்த்தா. ஆனா அது பாம்பு இல்ல. மனசுல அடக்கி வெச்ச ஏதோ ஒண்ணு.”

“கோட்டுக்கு அடியில இருந்துச்சு மேடம்.”

“கேட்டீங்களா! அடியில!” என்று அவர் மகிழ்ந்தார், மற்றவரும் குறித்துக்கொண்டனர்.

ஆய்வு அறக்குழுவின் செயலர் தம் முறைக்காகக் காத்திருந்தவர். “அந்தப் பாம்போட சம்மதம் வாங்கினியாம்மா?”

“இல்ல சார்.”

“சம்மதம் இல்லாம ஒரு உயிரைக் கவனிச்சிருக்கே. ரொம்பப் பெரிய குற்றம். உன் பதிவையே நீக்கலாம். பாம்பு இல்லாததால நாங்க பெருந்தன்மையா விட்டுடறோம். ஆனா இருந்துச்சுன்னு நீ சாதிச்சா, அப்புறம் குற்றமும் இருந்துச்சுன்னு ஆகும். யோசிச்சுப் பேசு.”

உதறலின் கையிலிருந்த பேனா நழுவி விழுந்து, மேசைக்கடியில் உருண்டு சென்றது. அவள் குனிந்தாள். பச்சை விரிப்பைத் தூக்கினாள்.

அங்கே காலணிகள் இருந்தன. மெருகிட்டவை, வார் வைத்தவை, குதிகால் உயர்ந்தவை. ஒவ்வொரு நாற்காலியின் முன்னும் ஓரிணை ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. அவற்றுள் கால்கள் இல்லை. மேசைக்கடியில் தரையைத் தொட்டிருந்த கால்கள் அவளுடைய இரண்டு மட்டுமே.

அவள் மெல்ல நிமிர்ந்தாள். எல்லாரும் முன்போலவே பேசிக்கொண்டிருந்தனர். புள்ளியியலார் சம்மணமிட்டிருந்தார். இலக்கியப் பேராசிரியை கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் புடைவைக்குள் மறைத்திருந்தார். அறக்குழுச் செயலர் பருத்தவராதலின் சிரமப்பட்டு ஒரு முழங்காலைக் கைகளால் பிடித்துக்கொண்டிருந்தார். இத்துணை ஆண்டுகளாய் இதனை அவள் அறிஞர்க்குரிய ஓய்வான இருக்கை என்று எண்ணியிருந்தாள்.

கூடத்தில் கண்ட பாம்பைவிட அந்தக் காலியான காலணிகள் அவளை அச்சுறுத்தின. பாம்புக்குத் தான் பாம்பு என்பது தெரியாது. இவர்களுக்கோ தெரியும். ஒருவர் தவறாமல் எல்லார்க்கும் தெரியும்.

உள்ளங்கால் குளிர்ந்தது. அங்கே ஏதோ ஊர்வது போலிருந்தது, ஊரவில்லை. அவள் செருப்பைக் கழற்றினாள். ஒரு காலை உயர்த்தி நாற்காலியின்மேல் வைத்தாள். பின்னர் மற்றதையும் வைத்தாள். தலைவர் மட்டும் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில், ஐந்தாண்டுகளாக அவள் காணாத மதிப்பு இருந்தது. அன்றுதான் அவள் அறிஞர் குழாத்தில் ஒருத்தியானாள். அதற்கான வெட்கமும் அன்றே தொடங்கியது.

குழுவின் தீர்மானம் உடனே வாசிக்கப்பட்டது. வாய்மொழித் தேர்வு முன்கூட்டியே நடத்தப்படும். தேர்வரின் அச்சம் பட்டத்தால் நீங்கும் என்று உளவியல் துறை உறுதியளிக்கிறது. தேர்வு செய்முறைக் கூடத்திலேயே நடைபெறும். பாம்பு இல்லாத இடத்தில் பாம்பு இல்லை என்று அறிவிப்பதே பொருத்தமாகும்.

தேர்வு நாளில் உதறல் காலை உணவைத் தொடவில்லை. தங்கை அவளுக்குத் தலை வாரிவிட்டாள்.

“ஏன்க்கா இப்படிப் பயப்படறே? அஞ்சு வருஷமா எழுதினதைத்தானே சொல்லப் போறே? இல்லைன்னு சொல்லிட்டு இறங்கி வா. ஒரு வார்த்தை. கிளிப்பிள்ளைகூடச் சொல்லும்.”

“நீ வராதேடி.”

“நல்லாருக்கே! முதலாண்டு எல்லாரும் வந்து கை தட்டணுமாம், வருகை குடுக்கறாங்க. சொந்த அக்காவுக்குத் தட்டாம வேற யாருக்குத் தட்டறது?”

கூடத்தில் பேராசிரியர்களுக்கு நாற்காலிகள் இடப்பட்டிருந்தன. முதலாண்டு மாணவர் மேற்குச் சுவரோரம், தம் வெள்ளைக் கோட்டுகளுக்கு முன்னால், நெருக்கியடித்துக்கொண்டு நின்றனர். தங்கை அவர்களுள் ஓரத்தில் நின்று கையசைத்தாள். அவளுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் அந்த நீர்ப்போக்குத் துளை இருந்தது. தேர்வர் நிற்க வேண்டிய இடம் எதிர்ப்பக்கம். அங்கிருந்து உதறலுக்குத் துளை நன்றாகத் தெரிந்தது. அதன் பின்னர் அவள் வேறெதையும் பார்க்கவில்லை.

தலைவர் எழாமலே தலைமையுரை ஆற்றினார். “முப்பது வருஷமா இந்த வளாகத்துல பாம்பைத் தேடிட்டு வர்றேன். ஒருநாள்கூடக் கண்டதில்லை. எப்படி முடிஞ்சதுன்னு பலரும் கேட்கறாங்க. ஒழுக்கம்தான் காரணம். பாம்பு இருக்கற இடத்துல நான் தேடினதில்லை. தேடின இடத்துல பாம்பை இருக்க விட்டதில்லை. ஆராய்ச்சின்னா உண்மையைக் கண்டுபிடிக்கறதுன்னு வெளியில தப்பா நினைக்கறாங்க. உண்மையை யார் வேணும்னாலும் கண்டுபிடிக்கலாம். குனிஞ்சு பார்த்தாப் போதும். குனியாம இருக்கறதுக்குத்தான் பயிற்சி வேணும்.” கைதட்டல் எழுந்தது. மாணவர் உரக்கத் தட்டினர். அவ்வோசை அடங்குமட்டும் ஒன்றும் வெளியே வராது என்று உதறல் எண்ணினாள். அடங்கியது.

புறத்தேர்வாளர் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். அங்கே தேள் இல்லை என்று நிறுவியவர். அவர் முதல் வினாவைத் தொடுத்தார். “உங்க ஆய்வேட்டோட அமைப்பு எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு ஐயம். மேற்கு மூலையில நச்சரவு இல்லைன்னு சொல்றீங்க. அது எந்த வகையில இல்லை? முழுக்க இல்லையா, இல்ல, இல்லாம இருக்கற மாதிரி—”

துளையிலிருந்து முக்கோணத் தலை வெளிப்பட்டது.

நாற்காலிகளில் ஓர் அசைவு. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆயினும் அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் மேலெழுந்தன, ஒத்திகை பார்த்தது போல. புறத்தேர்வாளர் புதியவராதலின் நாற்காலியின்மேல் ஏறியே நின்றுவிட்டார். நின்றபடியே, “—இருக்கற மாதிரி ஒரு இல்லாமையா?” என்று வினாவை முடித்தார்.

அது மாணவரின் கால்களை நோக்கி ஊர்ந்தது. அவர்கள் எல்லாரும் புறத்தேர்வாளரைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பெரியவர் ஒருவர் நாற்காலியின்மேல் ஏறி வினவுவது தேர்வின் சடங்குகளுள் ஒன்று என்றே எண்ணினர். உதறலின் நாக்கு மீண்டும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தங்கை எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவதற்காகச் செருப்பை இலேசாக உயர்த்தினாள். அதை வைக்கப்போகும் இடத்தில் விரியன் இருந்தது.

“காலை வைக்காதே!”

அக்குரல் தன்னுடையது என்று உதறலுக்குத் தெரியவில்லை. “பாம்பு! யாரும் அசையாதீங்க! நீ அப்படியே நில்லுடி, அப்படியே!”

தங்கை ஒற்றைக் காலில் நின்றாள். கீழே பார்த்தாள். அவளுடைய முகத்திலிருந்து நிறம் வடிந்ததை அறை முழுவதும் கண்டது. ஊன்றிய காலின் விரல்களை உரசிக்கொண்டு அந்தத் தடித்த உடல் நகர்ந்தது, நின்றது, மீண்டும் நகர்ந்தது. யாரோ ஒரு மாணவி மூச்சுக்குள்ளே அம்மா அம்மா என்றாள். பின்னர் அது கதவிடுக்கின் வழியே வெளியேறி வெயிலில் மறைந்தது. தங்கை அப்போதும் காலை இறக்கவில்லை. அருகிலிருந்த மாணவி அவள் கையைப் பற்றி இறக்கிவிட வேண்டியதாயிற்று.

புறத்தேர்வாளர் குனிந்து நாற்காலியைத் துடைத்துவிட்டு மீண்டும் அமர்ந்தார்.

“கேள்விக்குப் பதில் சொல்லும்மா,” என்றார் தலைவர்.

உதறல் அவரைப் பார்த்தாள்.

“தேர்வர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க,” என்று அவர் அவையினருக்கு விளக்கினார். “இதைக் குறிப்புல சேர்க்க வேண்டாம். அம்மா, ஒரே வார்த்தை. நச்சரவு உண்டா, இல்லையா?”

“ஒரே வார்த்தை போதும்,” என்றார் புறத்தேர்வாளரும்.

தலைவர் அவளைக் கையசைத்து அருகில் அழைத்தார். அவள் குனிந்தபோது, தந்தை மகளிடம் பேசும் குரலில் காதோடு சொன்னார். “பயப்படாதேம்மா. இல்லைன்னு சொல்லு. இன்னைக்கே உனக்கும் இங்க ஒரு நாற்காலி. அப்புறம் ஆயுசு முழுக்க நீ காலைக் கீழ வைக்கவே வேண்டாம்.”

“அவங்க?” என்று அவள் சுவரோரம் நின்றவர்களைக் காட்டினாள்.

“அவங்களும் படிச்சு முன்னேறி வரட்டும்.”

உதறல் தன் இடத்துக்குத் திரும்பினாள். மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். வீட்டில் அம்மா அண்டை அயலாரிடம் என்ன சொல்வார் என்று ஒருகணம் நினைத்தாள். ஐந்தாண்டு உழைப்பு மேசையின்மேல் நீலநிற அட்டையோடு கிடந்தது. அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அச்சம் குறையவில்லை; குறையும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

“நான் இதைத் திரும்ப வாங்கிக்கறேன் சார்,” என்றாள் தாழ்ந்த குரலில். “டாக்டர் மருந்து வாங்கட்டும்.”